குழலில் வைத்த சந்தனம்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ ஃபோனில் பேசும்போது உன் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. லைசன் கையில் கிடைத்துவிட்டது, துவக்கும் வந்துவிட்டது என்றாய். ஒற்றைக்குழல் துப்பாக்கி, பன்னிரண்டு போர் விட்டம். அதோடு என்னென்ன வாங்கினாய் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாய். காட்டுப் பச்சையில் புள்ளி போட்ட சட்டை, தலையில் கட்டும் டோர்ச், ரவைத் தோட்டாக்கள் செருகுகிற இடுப்புப் பட்டி, தோளில் மாட்டும் வார். "வேற என்னப்பா வேணும்? நீங்கதான் படிச்சவராச்சே, சொல்லுங்க" என்றாய். நான் யோசித்து எழுதுகிறேன் என்றேன். அதற்குள் உன் அம்மா ஃபோனைப் பிடுங்கிக்கொண்டாள். "தம்பி, வர்ற சரஸ்வதி பூசைக்கு அந்தத் துவக்கையும் சாமி முன்னால வச்சுரு. சந்தனம் குங்குமம் வச்சு, ஒரு செவ்வந்திப் பூவையும் வை. மொத மொதல்ல வாங்கின ஆயுதம்ப்பா." நீயும் சரிம்மா என்றாய். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். உன் அப்பாவுக்கு வழக்கமான கோபம் என்று இருவரும் நினைத்திருப்பீர்கள். கோபமில்லை. முப்பது வருடத்துக்கும் மேலாக எனக்குச் சந்தனத்தையும் துவக்கையும் ஒரே வாக்கியத்தில் கேட்க முடிவதில்லை. ஏன் என்று உன் அம்மாவுக்கும் நான் சொன்னதில்லை. பூசைக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. அதற்குள் இது உன் கைக்கு வந்து சேர வேண்டும்.

இந்தத் துவக்கு உனக்கு ஏன் தேவை என்று நான் கேட்கப்போவதில்லை. பசறைக்கு மேலே அந்த இரண்டு ஏக்கரை நீ வாங்கியபோது நான் தடுத்தேன். சோளம் பால் பிடிக்கும் சமயம் பார்த்துப் பன்றிகள் இறங்கி, ஒரே வாரத்தில் பாதியை உழுதுவிட்டுப் போனதை வந்து பார்த்தபோது "நான் அப்போதே சொன்னேன்" என்றும் சொன்னேன். அப்படிச் சொல்லாமல் இருந்திருக்கலாம். லைசனுக்காக உன்னை அரசாங்கக் கச்சேரியில் ஆறு தடவை அலையவிட்டார்களே, ஒரு தடவை நானும் உன்னோடு வந்தேன். மேசைக்குப் பின்னால் இருந்த ஆள் தலையை நிமிர்த்தாமலே, "தோட்டத்து ஆளுகளுக்கு எதுக்கு துவக்கு? பெரிய தொரையாகப் போறீங்களா?" என்று கேட்டார். நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. அவர் முகமும் சட்டை நிறமும் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. என் சுபாவம் உனக்குத் தெரியும். எனக்குப் பின்னால் வந்தவனைப் பள்ளிக்கூட அதிபராக்கியவர்கள், என் இடமாற்றக் கடிதத்தைக் கிடப்பில் போட்டவர், உன் அக்கா கல்யாணத்தில் சாப்பிடாமல் எழுந்து போன சம்பந்தி வீட்டார், ஒருவரையும் நான் விட்டதில்லை. எல்லாரையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். அது அலுப்பு தருகிற வேலை. ஐம்பத்தைந்து வயதில்தான் அது தெரிகிறது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். முதலில் அந்தப் புள்ளி போட்ட பச்சைச் சட்டையைக் கடையில் திருப்பிக் கொடு. வாங்க மாட்டேன் என்றால் எரித்துவிடு. இந்த நாட்டில் பட்டாளத்துக்காரர் அல்லாத ஒருவர் அந்த மாதிரிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கையில் துவக்கோடு, தமிழ்ப் பெயரோடு ரோட்டில் நடந்தால் பன்றிக்கு முன்னால் அவர்தான் மாட்டுவார். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. துவக்கு வைத்திருப்பவன் ஒளிந்துகொள்ளக்கூடாது. நம் பக்கத்து மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று தெரியாது. உன் வேலிக்குக் கீழே தோட்டத்துப் பெண்கள் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு குனிந்து தேயிலைக் கொழுந்து எடுப்பார்கள். பனிக்குள் ஒரு முதுகு மட்டும் தெரியும். அது யாருடைய முதுகு என்று உறுதியாகத் தெரியும்வரை உன் விரல் விசைக்குப் பக்கத்தில் போகக்கூடாது. ரோட்டு வேலை செய்கிறவர்கள் போடுகிற மஞ்சள் மேற்சட்டை ஒன்று உனக்கு வாங்கு, உன்னோடு வருகிறவனுக்கு ஒன்று வாங்கு. நாய்க்கும் கழுத்தில் ஒரு மஞ்சள் துணி கட்டு. ஒரு விசிலும் வாங்கிக்கொள். மலையில் கூப்பிடுகிற குரல் எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று தெரியாது, விசில் தெரியும். காலுக்கு உயரமான சப்பாத்து போடு. அட்டை கடிக்கிறதென்று குனிந்து சொறிகிறவன் துவக்கை எங்கே சாய்க்கிறோம் என்று பார்க்கமாட்டான்.

காதுக்கு அடைப்பான் வாங்கு. கண்ணுக்குத் தடித்த கண்ணாடி வாங்கு. சிரிக்காதே. உன் பெரியப்பாவிடம் இடது பக்கமாக நின்று பேசினால் அவர் "என்னாது?" என்று கேட்பது உனக்குத் தெரியும்தானே. அது வயதினால் வந்ததில்லை.

துவக்கை வைக்க இரும்பு அலுமாரி வேண்டும். சுவரோடு ஆணி அடித்துப் பொருத்தியதாக இருக்க வேண்டும். ரவைகளை வேறொரு பெட்டியில், வேறொரு அறையில், வேறொரு சாவியோடு வை. அந்தச் சாவியைச் சாமி படத்துக்குப் பின்னால் வைக்காதே. நம் வீடுகளில் எல்லாச் சாவியும் அங்கேதான் இருக்கும் என்பது பிறந்த குழந்தைக்கும் தெரியும். எண்ணெய் என்று கேட்டால் துவக்குக்கென்றே விற்கிற எண்ணெயைக் கேட்டு வாங்கு. நம் ஆட்கள் தலைக்கும் கதவுக்கும் தையல் மெஷினுக்கும் தேங்காயெண்ணெய்தான் போடுவார்கள். மார்கழியில் போத்தலுக்குள் அது வெள்ளையாக உறைந்து நிற்பதை நீ பார்த்திருக்கிறாய். துவக்கின் விசைக்குள்ளும் அப்படித்தான் உறையும். மழைக்குப் பிறகு துடைக்கப் பழைய பருத்திச் சேலை போதும். எடுத்துக்கொண்டு போக ஒரு உறை வேண்டும். காயத்துக்குக் கட்டுகிற அகலமான பட்டியும் பஞ்சும் ஒரு பையில் எப்போதும் உன்னோடு இருக்க வேண்டும். உன் காணியிலிருந்து பதுளை ஆஸ்பத்திரிக்கு, வாகனம் கிடைத்தாலும், எவ்வளவு வளைவு என்று யோசித்துப் பார்.

கடைசியாக ஒன்று. நீ வாங்கியவற்றில் அது இல்லை. குழலைத் துப்புரவாக்குகிற நீளக் கம்பி. ஞாயிற்றுக்கிழமை நான் அதைக் கேட்டேன். "அதெல்லாம் பொறவு பாக்கலாம்ப்பா" என்றாய். மற்ற எல்லாவற்றையும் பிறகு பார்க்கலாம் தம்பி. அந்தக் கம்பி இல்லாமல் ஒரு ரவை போடாதே. ஒவ்வொரு தடவையும், ரவை போடுவதற்கு முன்னால், குழலை மடித்துத் திறந்து, பின்பக்கமிருந்து வெளிச்சத்துக்கு நேராகப் பார். முழு வட்டமாக வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கம்பியை விடு. இந்த ஒரே வரியை எழுதுவதற்குத்தான் மேலே இவ்வளவு எழுதினேன் என்று நினைக்கிறேன்.

உன் பெரியப்பா சுப்பையாவின் இடது கையில் ஏன் மூன்று விரல்கள்தான் இருக்கின்றன என்று சின்ன வயதில் நீ கேட்டாய். துவக்குக் குழலில் மண் அடைத்திருந்தது, பார்க்காமல் சுட்டுவிட்டார் என்று சொன்னேன். நமுனுகுல மலைக்குக் கீழே நாங்கள் இருந்த தோட்டத்தில் இன்றைக்கும் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். அது பொய். மண் இல்லை.

அப்போது எனக்கு இருபத்தொரு வயது. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் உயர்தரப் பரீட்சை சித்தியடைந்த முதல் ஆள் நான். ஆசிரியர் நியமனத்துக்கு விண்ணப்பித்துவிட்டு, அதற்கு முன் நடக்கிற பொலிஸ் விசாரணைக்காகக் காத்திருந்தேன். என்னைப் படிக்க வைத்தது அண்ணன்தான். அவர் தோட்டத்துக் காவல்காரர். புதிதாகத் தேயிலைக் கன்று நட்ட மலைகளைப் பன்றி கிளறிவிடும் என்பதால் தோட்டத்துத் துவக்கை அவரிடம் கொடுத்திருந்தார்கள். அந்தத் துவக்கோடு அவர், ஆட்கள் கூடுகிற பெரட்டுக் களத்தைக் கடந்து போகும்போது கங்காணிமார்கூட விலகி நிற்பார்கள். எங்கள் சாதி சனத்தில் தொரை நம்பித் துவக்கைக் கொடுத்த ஒரே ஆள் அவர்.

அந்த வருடம் சரஸ்வதி பூசைக்கு, லயத்துக் கோடியில் மேசை போட்டு, எல்லாருடைய சாமான்களையும் அடுக்கினோம். கவ்வாத்துக் கத்திகள், மம்பட்டிகள், மருந்தடிக்கிற டாங்கி, என் புத்தகங்கள், ஒரு ரேடியோ. நடுவில் துவக்கு. அண்ணன் குளித்துவிட்டு வேட்டியோடு வந்து நின்று, "படிச்சவன் நீயே வைடா சந்தனத்த. நாங்க வச்சா சரஸ்வதிக்குப் புடிக்காது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். கத்திக்கும் மம்பட்டிக்கும் பொட்டு வைத்து, அதன் மேல் பூவை ஒட்டிக்கொண்டே வந்தேன். துவக்கின் உருண்டைக் குழலில் பூ நிற்கவில்லை. வழுக்கி வழுக்கி விழுந்தது. "பி.ஏ. படிக்கப் போறவருக்கு ஒரு பூவ நிக்க வைக்கத் தெரியல" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். எனக்கு ரோசம் வந்துவிட்டது. சந்தனத்தைப் பெரிய உருண்டையாகப் பிடித்துக் குழல் வாய்க்குள் அடைத்தேன். ஊதுபத்திக் குச்சியால் உள்ளே தள்ளி இறுக்கினேன். செவ்வந்திப் பூவைக் காம்போடு அதில் குத்தி வைத்தேன். பூச்சாடி மாதிரி நின்றது. அத்தனை பேரும் "ஆ" என்றார்கள். அண்ணன் என் தோளில் தட்டினார். மறுநாள் பூவைப் பிடுங்கி எறிந்தேன். உள்ளே தள்ளிய சந்தனத்தை நான் நினைக்கவே இல்லை. அதன் பிறகு மழை பிடித்துக்கொண்டது. மூன்று வாரம் துவக்கு மூலையில் சாய்ந்து நின்றது. காய்ந்து சிறுத்த சந்தனம் கீழே நழுவி, பாதிக் குழலில் துருவோடு ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

மழை விட்ட ஒரு காலையில், வெளிச்சம் வந்த பிறகு, மேல் மலையிலிருந்து சத்தம் கேட்டது. துவக்குச் சத்தம் எங்களுக்குப் பழக்கம். இது வேறு மாதிரி இருந்தது. நான் ஓடிப்போனபோது அண்ணனை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். கையைச் சுற்றி யாருடைய சட்டையோ. என்னைப் பார்த்து அவர் கேட்டது ஒன்றுதான். "துவக்கு எங்கடா? துவக்க எடு, தொரை கேப்பாரு." எடுத்தேன். குழல் நடுவில் வாழைப்பூ மாதிரி விரிந்திருந்தது. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனபோது, வெடிமருந்து நெடிக்குள்ளே சந்தன வாசனை வந்தது. கிழிந்த இரும்பின் மடிப்பில் கருகிய மஞ்சள் பொடியும் ஒரு பூக்காம்பின் நாரும் இருந்தன.

பக்கத்தில் மழைத் தண்ணீர் வடிகிற கான் ஓடிக்கொண்டிருந்தது. நான் குந்தி உட்கார்ந்து அதைக் கழுவினேன். இடுப்புச் சாரத்தின் முனையால் துடைத்தேன். நகத்தால் சுரண்டினேன். பயந்து புத்தி தடுமாறிச் செய்த காரியம் இல்லை. விசாரணை வரும், பெயர் எழுதுவார்கள், நியமனம் போய்விடும் என்று தெளிவாக யோசித்துக்கொண்டே செய்தேன். கழுவிய குழலில் கான் சேறு கொஞ்சம் ஒட்டியது. அதைத் துடைக்காமல் விட்டேன். தம்பி, இந்த வரியை எழுதுவதற்குள் இரண்டு தடவை பேனாவை வைத்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து, கையில் கட்டோடு அண்ணனைப் பெரட்டுக் களத்துக்கு வரச் சொன்னார்கள். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற இடம், நூறு பேருக்கு மேல் நிற்பார்கள். தொரை இங்கிலீஷில் பேச, கணக்கப்பிள்ளை தமிழில் சத்தமாகச் சொன்னார். "சுப்பையா குழல மண்ணுல குத்திட்டுப் பார்க்காம சுட்டிருக்கான். கவனம் இல்லாதவனுக்கு இனி காவல் வேலை இல்லன்னு தொரை சொல்றாரு." அண்ணன் "ஆமாங்க தொரை" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கூட்டத்திலிருந்து ஒருவன், "ஏன் சுப்பையா, பன்னியச் சுடச் சொன்னா மண்ணையா சுட்டே?" என்றான். சிரிப்பு எழுந்தது. அன்றிலிருந்து அவருக்கு மண்ணுக்குழல் என்று பெயர். சின்னப் பிள்ளைகள்கூட லயத்துக் கோடியிலிருந்து கூப்பிட்டுவிட்டு ஓடும். நான் மூன்றாவது வரிசையில் நின்றேன். என்னால் பேச முடியாமல் போகவில்லை. பேசவில்லை. அண்ணிக்குக் கொழுந்து வேலை இருந்ததால் லயத்து அறை கைவிட்டுப் போகவில்லை. அந்தப் பெயரைத் தாங்க முடியாமல்தான் அவர்கள் பூனாகலைக்கு, அண்ணியின் ஆட்களிடம் போனார்கள். அடுத்த தை மாதம் எனக்கு நியமனம் கிடைத்தது.

அதற்குப் பிறகு நான் செய்ததைத்தான் நீ பார்த்து வளர்ந்தாய். என் கல்யாணத்துக்கு அவர் வரவில்லை என்று குறை சொன்னேன். நீ பிறந்தபோது வெறுங்கையோடு வந்தார் என்றேன். தலைக்கனம் பிடித்த மனிதர் என்று உன் காதில் எத்தனை தடவை போட்டிருப்பேன். ஒருவரைக் குற்றவாளியாக்கிவிட்டால் அவர்மேல் கோபமாகவும் இருந்தாக வேண்டும் போலிருக்கிறது. இல்லாவிட்டால் எனக்கு நிற்க இடமில்லை.

நீ ஃபோனில் பேசிய மறுநாள் பஸ் ஏறிப் பூனாகலைக்குப் போனேன். அடுப்பங்கரையில் உட்கார்ந்து நெருப்புக் காய்ந்துகொண்டிருந்தார். அவர் மகள் தேத்தண்ணி கொண்டுவந்து, "சித்தப்பா, சீனி போடவா, உங்களுக்குச் சீனி வருத்தம் இருக்கா?" என்று கேட்டது. அந்தப் பிள்ளை உள்ளே போன பிறகு, நடந்ததைச் சொன்னேன். வலது பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து, கேட்கிற மாதிரி சொன்னேன்.

"சந்தனமா?" என்றார்.

"சந்தனந்தான் அண்ணே."

"பூசைக்கு வச்சதா?"

"ஆமாங்க அண்ணே. பூ நிக்கலன்னு உள்ள தள்ளினேன்."

கொள்ளிக்கட்டையை உள்ளே தள்ளினார். பிறகு என்னிடம் சொல்வதுபோல இல்லாமல் சொன்னார்.

"நான் எங்க குத்தினேன்னு தேடிக்கிட்டே இருந்தேன்டா. மேட்டுக் கானத் தாண்டுறப்பவா, சவுக்கு மரத்துல சாத்தினப்பவா, ஒண்ணுக்குப் போறப்ப கீழ வச்சேனே அப்பவா. அன்னைக்கு நடந்த நடைய தெனம் நடந்து பாக்குறது. ஒரு எடத்துலயும் மண்ணு படல. படலையே, எப்புடி அடைச்சுதுன்னு. கோயில்ல நிக்கிறப்பவும் அதே நெனப்பு. எனக்குத்தான் புத்தி பேதலிச்சுப் போச்சோன்னு இருந்துச்சு."

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையைக் காட்டினார். மூன்று விரல் கை.

"தொரை பெரட்டுல நின்னு சொன்னாரு. நூறு பேரு கேட்டான். நீ அடுப்படியில வந்து ஏங்காதுல சொல்றே. நல்லாருக்குடா ஓன் ஞாயம். படிச்சவன்தானே, எழுது. எல்லாரும் படிக்கிற மாதிரி எழுது. மொத அந்தப் பயலுக்கு எழுது, இல்லாட்டி அவனும் பூ வைப்பான்."

"எழுதுறேன் அண்ணே."

"பூசைக்கு நானும் பசறைக்கு வாறேன். குழல நான் பாத்துட்டுத்தான் வைக்கணும். நீ வராதே."

மகளைக் கூப்பிட்டு, "சித்தப்பாவுக்கு பஸ்சுக்கு நேரமாச்சு" என்றார். தேத்தண்ணி பாதிதான் குடித்திருந்தேன்.

அதனால்தான் இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் எழுதாமல் எல்லார் கண்ணிலும் படும்படி பத்திரிகைக்கும் சேர்த்து எழுதுகிறேன். அந்தத் தோட்டத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறவர்கள் இதைப் படித்தால், படிக்கத் தெரியாதவர்களுக்கும் சொல்லுங்கள். சுப்பையா குழலை மண்ணில் குத்தவில்லை. அவர் தம்பி, வாத்தியார், குழலில் சந்தனம் அடைத்தான். அதைக் கழுவி மறைத்தான்.

பூசை அன்றைக்கு என்ன செய்ய வேண்டுமென்று சொல்கிறேன். துவக்கை வைக்காதே என்று நான் சொல்லவில்லை, அது உன் அம்மாவின் ஆசை. ரவை எதுவும் இல்லாமல், குழலை மடித்துத் திறந்தபடி வை. மரப்பிடியில் மட்டும் ஒரு பொட்டு, போதும். பூவைத் துவக்குக்கு முன்னால், தரையில் வை. பெரியப்பாவை பஸ் ஸ்டாண்டுக்கே போய்க் கூட்டிக்கொண்டு வா. ஏற்றத்தில் அவர் வலது பக்கமாக நட, பேசினால் கேட்கும். அவர் உட்கார நாற்காலியை வாசலுக்கு நேராக, வெளிச்சம் வருகிற பக்கமாகப் போடு. இடது கையால் கனம் தாங்க அவருக்கு ஏலாது. குழலை நீ தூக்கிப் பிடி. திறந்த பின்பக்கத்தில் அவர் கண்ணை வைத்துப் பார்ப்பார். எவ்வளவு நேரம் பார்த்தாலும் கையைத் தளர்த்தாதே. போதும் என்று அவர் சொல்லட்டும்.

அப்பா